பாலவனத்தம்: ஒரு யுத்தத்தின் வேரைத் தேடி

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், இரண்டு ஊருக்கும் நடுவே பாலவனத்தம் இருக்கிறது. அங்கே இறங்க வேண்டும் என்று நாம் சொன்னதும், பஸ்ஸில் அருகே அமர்ந்திருந்த பெரியவர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கே உறவுக்காரங்க யாரும் இருக்காங்களா ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "நிலம் கிலம் பார்க்க வந்தீங்களோ?" அதுவும் இல்லை என்றோம். "பின்னே?" என்றார். ஒரு யுத்தம் ஏன் மூண்டது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம் என்று சொன்னால் அந்த நல்ல மனிதர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று அஞ்சி, "சும்மா ஊர் பார்க்க" என்று சொல்லி வைத்தோம். அவருடைய சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

உண்மையில் நம்மைப் பாலவனத்தத்துக்கு அனுப்பியது நம் வீட்டுச் சிறுவன். கட்டபொம்மனுக்கும் கும்பினியாருக்கும் யுத்தம் மூண்டதற்குக் காரணம் யாது என்ற கேள்விக்கு, "கப்பம் கட்ட மறுத்ததால்" என்று அவன் ஒரு வரியில் விடை எழுதியிருந்தான். உபாத்தியாயர் முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டார். ஆனால் பையனுக்குத்தான் திருப்தி இல்லை. "சீமையிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களுக்கு இவர் ஏன் கப்பம் கட்ட வேண்டும்? அவர்கள் எப்போது இவருக்கு ராஜா ஆனார்கள்?" என்று நம்மைக் கேட்டான். 1959-ல் வெளிவந்த திரைப்படத்தை நாமும் பலமுறை பார்த்து மெய்சிலிர்த்தவர்கள்தாம். எனினும் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் முடியவில்லை.

கரிசலும் கண்மாயும்

நாம் இறங்கியது ஆவணி மாதத்து முற்பகல். வெயில் ஏற்கெனவே உக்கிரமாக இருந்தது. ஊரைத் தாண்டிச் சற்று நடந்தால் எத்திசையிலும் கரிசல் காடுதான். இந்த மண் மழை பெய்தால் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் கை நுழையுமளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் இந்த மண்ணின் செல்வங்கள். உழாமல் விட்ட நிலங்களிலெல்லாம் சீமைக் கருவேலம் அடர்ந்திருந்தது. அந்தப் புதரின் வழியே ஒற்றையடிப் பாதையில் சென்று ஒரு கண்மாய்க் கரையில் ஏறினோம்.

கண்மாய் வறண்டிருந்தது. நடுவே சிறிது பசுமை தெரிந்தது. அங்கே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கரையின்மேல் இருந்த வேப்பமரத்தடியில், ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் துண்டை விரித்து அமர்ந்திருந்தார். "வாங்கய்யா, நிழல்ல உட்காருங்க" என்று இடம் கொடுத்தார். இந்தக் கண்மாய் வருஷந்தோறும் பெருகுமா என்று கேட்டோம்.

"பெருகினாத்தான் பெருகினதுங்கய்யா. ஐப்பசி கார்த்திகையில ரெண்டு மழை விழுந்தா நெல்லு. ஒரு மழை விழுந்தா சோளம். ஒண்ணும் விழல்லேன்னா இந்த ஆடுதான். மானம் பார்த்த பூமிக்கு முன்கூட்டியே கணக்கு எழுத முடியுமா?"

வானத்தை 'மானம்' என்பது இப்பகுதி ஜனங்களின் வழக்கு. வானம் பார்த்த பூமிக்கு முன்கூட்டியே கணக்கு எழுத முடியாது. பெரியவர் வெகு சாதாரணமாகச் சொன்ன இந்த வார்த்தை நம் மனத்தில் தைத்துக்கொண்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமிக்கு முன்கூட்டியே கணக்கு எழுதியவர்கள் இருந்தார்கள். எங்கே உட்கார்ந்து, எந்தக் கடனைத் தீர்ப்பதற்காக அந்தக் கணக்கை எழுதினார்கள் என்பதில்தான் பையனின் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஜாக்ஸன் துரையைத் தேடிய பாதை

பாலவனத்தத்துக்கு மேற்கே, விருதுநகருக்கு அருகில் பாவாலி இருக்கிறது. கிழக்கே, திருச்சுழிப் பக்கத்தில் பள்ளிமடை இருக்கிறது. 1798-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வீரபாண்டியக் கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்ஸன் துரையைப் பேட்டி காண்பதற்காக அலைந்த வழியில் இந்த இரண்டு ஊர்களும் வருகின்றன. குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று மூன்று வாரத்துக்கு மேல் அவர் துரையின் பின்னால் போனார். துரையோ ஓரிடத்திலும் பேட்டி தரவில்லை; கடைசியில் இராமநாதபுரத்தில்தான் பார்த்தார். பாவாலியிலிருந்து பள்ளிமடைக்குச் செல்பவர்கள் நாம் நிற்கும் இந்தக் காட்டை ஒட்டியே சென்றிருக்க வேண்டும். அதுவும் ஆவணி மாதந்தான். கண்மாய்கள் வறண்டு, அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும் காலம். இந்த வெயிலில் பரிவாரங்களோடு ஒரு பாளையக்காரரை ஊர் ஊராக இழுத்தடிப்பது எத்தகைய அவமானம் என்பதை ஏட்டில் படித்து அறிய முடியாது. இங்கே வந்து அரை மணி நேரம் நடந்தால் போதும்.

இராமநாதபுரத்தில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். கணக்குப் பார்த்தபோது பாக்கியில் பெரும்பகுதி ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தது. மிஞ்சி நின்றது ஏறக்குறைய ஆயிரம் வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அக்காலத்து நாணயத்தில் நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் தொகை. அப்படியிருந்தும் கட்டபொம்மனைக் கோட்டைக்குள் தடுத்து வைக்க முயன்றார்கள். கைகலப்பு மூண்டது, லெப்டினெண்ட் கிளார்க் மாண்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிற்பாடு சென்னைச் சர்க்காரே விசாரணை நடத்தி, ஜாக்ஸன் நடந்துகொண்ட முறை தவறென்று கண்டு, அவரைக் கலெக்டர் உத்தியோகத்திலிருந்து நீக்கியது.

இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாக்கியோ அற்பம். அவமதித்த அதிகாரியோ வேலையிழந்தார். அப்படியானால் விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டுமல்லவா? முடியவில்லை. ஓராண்டு கழித்து 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையுடன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆகவே ஜாக்ஸனின் அகம்பாவமும் ஆயிரம் வராகனும் யுத்தத்துக்குச் சாக்கு ஆகலாமேயன்றிக் காரணம் ஆகமாட்டா.

சாக்கு வேறு, காரணம் வேறு என்று பிரித்துக் காட்டிய ஆசிரியர்களில் மிகப் பழையவர் கிரேக்க தேசத்துத் துசிடிடீஸ். கி.மு. 431-ல் ஆதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் மூண்டு, இருபத்தேழு ஆண்டுகள் நீடித்த யுத்தத்தின் சரித்திரத்தை அவர் எழுதினார். சில்லறை நகரங்களைப் பற்றிய தகராறுகளை இரு தரப்பாரும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார்களாம். வாய்விட்டுச் சொல்லப்படாத மெய்யான காரணம், ஆதென்ஸின் பலம் வளர்ந்ததும் அதைக் கண்டு ஸ்பார்ட்டா அஞ்சியதுமே என்பது அவர் கருத்து. அந்தக் கண்கொண்டு நம் கரிசல் சீமையின் யுத்தத்தையும் பார்ப்போம்.

கடல் கடந்து வந்த கடன்

வேரைத் தேடிப் போனால் அது பாஞ்சாலங்குறிச்சியிலும் இல்லை, இராமநாதபுரத்திலும் இல்லை. இங்கிலாந்தும் பிரான்ஸும் ஒன்றையொன்று வெல்லத் துடித்த போட்டியில் இருக்கிறது.

1740-ல் ஆஸ்திரியாவின் சிங்காசனம் யாருக்கு என்று ஐரோப்பாவில் ஒரு யுத்தம் தொடங்கியது. ஆஸ்திரியா எங்கே இருக்கிறதென்று இந்த நாட்டில் எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த யுத்தம் காரணமாக 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தனர். அதை மீட்க வந்த நவாப் அன்வருத்தீனின் பெரும்படையை, பயிற்சி பெற்ற சிறு பிரெஞ்சுப் படை அடையாற்றங்கரையில் முறியடித்தது. அன்றைக்கே இரு கும்பினியாருக்கும் ஓர் உண்மை விளங்கிவிட்டது: சிறிது படையை வாடகைக்குக் கொடுத்தால் இந்த நாட்டு ராஜ்யங்களையே ஆட்டிவைக்கலாம். 1749-ல் ஆம்பூரில் அன்வருத்தீன் மாண்டதும், பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிப்பை நவாப் என்றனர். ஆங்கிலேயர் முகம்மது அலியை நவாப் என்றனர். 1760 ஜனவரியில் வந்தவாசியிலும், மறு ஆண்டில் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். முகம்மது அலி ஆர்க்காட்டு நவாபாக நிலைத்தார்.

நிலைத்ததற்குக் கூலி உண்டல்லவா? அவருக்காக யுத்தம் செய்த செலவு முழுவதையும் கும்பினியார் அவர் கணக்கில் எழுதினர். அதைக் கட்டுவதற்கு நவாப், அதே கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். நூற்றுக்கு இருபதுக்கு மேலும் வட்டி ஏறியது. பால் பென்பீல்டு போன்ற சாதாரண உத்தியோகஸ்தர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலில் பெருஞ்செல்வர் ஆனார்கள். கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக்கொடுத்தது என்ன? தம் கைக்கு வந்த நிலங்களின் வரியையும், கைக்கு வரும் என்று நம்பிய நிலங்களின் வரியையுமே எழுதிக்கொடுத்தார். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்து, இந்தக் கடன்களின் யோக்கியதையை அம்பலப்படுத்தி நீண்ட பிரசங்கம் செய்தார். பயனில்லை. கடன்களை விசாரணையின்றியே தீர்க்க உத்தரவாகியிருந்தது.

கடன் ஏற ஏற, நவாபின் பார்வை தெற்கே நீண்டது. 1772 ஜூன் மாதத்தில் ஜெனரல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் நவாப் படையும் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. பாலகரான முத்துராமலிங்க சேதுபதி தாயாருடன் திருச்சிராப்பள்ளியில் சிறை வைக்கப்பட்டார். அதே மாதத்தில் காளையார்கோவிலில் சிவகங்கை முத்துவடுகநாதர் போரில் மாண்டார். வேலு நாச்சியார் அதை மீட்க எட்டு ஆண்டுகள் ஆயின.

பிறகு 1792 ஜூலையில் கும்பினியாருக்கும் நவாபுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வருஷந்தோறும் நவாப் கும்பினிக்கு 9 லட்சம் வராகன் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கடன்காரர்களுக்காக 6 லட்சத்துக்கு மேற்பட்ட வராகன். இந்தத் தொகையில் ஒரு பகுதியை ஈடுகட்டுவதற்காக, பாளையக்காரர்கள் செலுத்த வேண்டிய பேஷ்கஷ், அதாவது கப்பம், 2,64,000 வராகனுக்கு மேல் என்று கணக்கிட்டு, அதை நேரே வசூலிக்கும் பொறுப்பைக் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். நம் வீட்டுப் பையன் கேட்டானே, அவர்கள் எப்போது ராஜா ஆனார்கள் என்று. இதுதான் விடை. அவர்கள் வாளால் வென்று இந்தச் சீமைக்கு ராஜா ஆகவில்லை. கடன் பத்திரத்தின் மேல் வசூலுக்கு வந்தவர்கள்தாம் ராஜா ஆனார்கள். அந்தப் பத்திரத்தில் கட்டபொம்மனும் கையெழுத்திடவில்லை, சேதுபதியும் கையெழுத்திடவில்லை, இந்தக் கண்மாய்க் கரையில் கம்பு விதைத்தவனும் கையெழுத்திடவில்லை.

மழைக்குத் தெரியாத தவணை

வசூலுக்கு வந்தவர்களின் முறையும் வேறு. பழைய நாளில் நன்செய் நிலத்து விளைச்சலைக் களத்தில் குவித்து அளந்து வாரம் பிரிப்பார்கள். நல்ல மழை பெய்தால் குடியானவனுக்கும் அதிகம், அரண்மனைக்கும் அதிகம். மழை பொய்த்தால் இருவருக்கும் நஷ்டம். பழைய முறையிலும் கொடுமைகள் இல்லாமல் இல்லை. வாரக்காரர்களும் மணியக்காரர்களும் அளவில் செய்த அக்கிரமங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அரசனும் குடியும் ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கும்பினியாரின் கிஸ்தி அப்படியன்று. தவணை தவறாமல், ரொக்கமாக, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே தொகை. சென்னைப் பட்டணத்துக் கணக்குப் புத்தகத்துக்கு ஆவணியும் ஐப்பசியும் ஒன்றுதான்.

இதனுடன் இன்னும் இரண்டு குறைகளும் சேர்ந்தன. ஊர்களைக் காவல் காத்ததற்காகப் பாளையக்காரரும் அவருடைய காவற்காரரும் காலங்காலமாகப் பெற்றுவந்த காவல் சுதந்திரத்தைக் கும்பினியார் முறையற்ற வசூல் என்று சொல்லி ஒழிக்க முற்பட்டனர். அதை நம்பி வாழ்ந்தவர் ஆயிரக்கணக்கானோர். மற்றொன்று துணி வியாபாரம். சேதுபதி சீமையில் நெய்த துணிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி இருந்தது. அதைக் கொள்முதல் செய்வதில் கும்பினியாருக்கும் சேதுபதிக்கும் ஓயாத சச்சரவு. 1795 பிப்ரவரியில் சேதுபதியைக் கும்பினியார் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தனர். 1809-ல் சிறைவாசியாகவே அவர் காலமானார். 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர் முதுகுளத்தூரிலும் அபிராமத்திலும் கமுதியிலும் கிளர்ச்சி செய்தபோது, அவருடைய ஆட்கள் கச்சேரியைத் தாக்கியதோடு நில்லாமல் கும்பினியாரின் துணிக் கிடங்குகளையும் சூறையாடினார்கள். ஜனங்களின் கோபம் எதன் மேல் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

கும்பினியாரின் பக்கத்திலும் ஓர் அச்சம் இருந்தது. 1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் படையுடன் இறங்கினான். கட்டபொம்மன் இந்தக் காட்டு வழியே அலைந்துகொண்டிருந்த அதே நாட்களில், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரெஞ்சுக்காரர் திப்பு சுல்தானுடன் கைகோத்துவிடுவார்களோ என்று கலங்கிக்கொண்டிருந்தார். 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். மைசூரில் அலுவலாக இருந்த படைகள் ஓய்ந்தன. நான்கு மாதத்தில் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்துவிட்டார். ஆயிரம் வராகன் பாக்கிக்காகக் கோட்டை இடிக்கப்பட்டதன் இரகசியம் இதுவே. பிரெஞ்சுக்காரர் மீண்டும் வருவதற்குள், ஆயுதம் வைத்திருக்கும் எவரும் தென்னாட்டில் மிஞ்சக் கூடாது என்பது கும்பினியாரின் எண்ணம்.

நம் வீட்டுக் குற்றம்

இதுவரை அந்நியரின் கணக்கைப் பார்த்தோம். நம் கணக்கையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பிரயாணம் வீண்.

கண்மாய்க் கரையில் நின்று நாற்புறமும் கையை நீட்டினால், தெற்கே பாஞ்சாலங்குறிச்சியும் எட்டையபுரமும், கிழக்கே இராமநாதபுரமும், வடகிழக்கே சிவகங்கையும் இருக்கின்றன. அவற்றுக்கும் அப்பால் புதுக்கோட்டை. எட்டையபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு. சேதுபதிக்கும் சிவகங்கைக்கும் தீராப் பகை. ஒவ்வொருவரும் அண்டை வீட்டாருக்கு அஞ்சினார்கள். அஞ்சியபோதெல்லாம் தூரத்திலிருந்து வந்தவனுடைய பீரங்கியைத் துணைக்கு அழைத்தார்கள். கட்டபொம்மனைக் கும்பினியாரிடம் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எட்டையபுரத்தாரின் ஆட்கள் கும்பினிப் படையுடன் சேர்ந்து பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார்கள். துசிடிடீஸ் சொன்ன அச்சம் இங்கே ஒன்றல்ல, பல.

இதை நாம் இன்று கண்டுபிடித்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்த யுத்தத்தை நடத்தியவர்களே கண்டுகொண்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தள்ளப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். அது மே 24-ஆம் தேதி வரை தாக்குப்பிடித்தது. அதன் பின் அவர் கமுதி வழியாகச் சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களை அடைந்தார். முன்பு பகைவர்களாயிருந்த சீமைகளின் ஜனங்கள் அப்போது ஒன்றாக நின்றார்கள். கர்னல் அக்னியூவின் படை திருப்புவனம், மானாமதுரை வழியே இராமநாதபுரம் சென்றபோது வழி நெடுகத் தாக்கப்பட்டது.

அந்த ஜூன் மாதத்தில் சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்வீபத்திலுள்ள எல்லாச் சாதியாருக்கும் முஸல்மான்களுக்கும் பொதுவாக அது எழுதப்பட்டிருந்தது. நவாப் முகம்மது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்ததையும், நம்மவருக்குள் ஒற்றுமையும் நேசமும் இல்லாமற் போனதையும் அது இரண்டு குறைகளாகச் சுட்டிக்காட்டியது. யுத்தத்தின் இரண்டு வேர்களையும் யுத்த களத்திலிருந்தே ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனார். நாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதை ஒரு வரியாகச் சுருக்கிவிட்டோம்.

ஒற்றுமை வந்தது, ஆனால் காலம் கடந்து வந்தது. 1801 ஜூலை 31-ஆம் தேதி கர்நாடக ராஜ்யம் முழுவதையும் ஓர் உடன்படிக்கையால் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் எழுபத்து மூன்று பேர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பாளையக்காரர்கள் போய் ஜமீன்தார்கள் வந்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, 1805-ல், நவாபின் மிச்சக் கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். 1830 வரை அது உட்கார்ந்து விசாரித்தது. கடன்காரர்கள் கேட்ட தொகை 3 கோடிப் பவுனுக்கு மேல். மெய்யான கடன் என்று கமிஷன் ஒப்புக்கொண்டதோ 30 லட்சம் பவுனுக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பங்கு பொய்க் கடன்! இந்த விசாரணையை முதலிலேயே செய்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

பாலவனத்தத்தின் பதில்

கண்மாய்க் கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் திரும்பினோம். பாலவனத்தம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழன்பர்களுக்கு நினைவு வருபவர் பாண்டித்துரைத் தேவர். அவர் சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த பொன்னுசாமித் தேவரின் குமாரர், பாலவனத்தம் ஜமீன்தார். 1867-ல் பிறந்து 1911-ல் காலமானார். 1901 செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவரே. அந்தப் புகழ் அவருடைய மற்றொரு காரியத்தை மறைத்துவிட்டது.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, அதற்குத் தலைவராக அமர்ந்தவர் இந்தப் பாலவனத்தம் ஜமீன்தார்தாம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். வாளும் வேலும் பறிக்கப்பட்டு நூறு வருஷம் கழித்து, அதே சீமையில் பிறந்தவர்கள் இம்முறை யுத்தத்தின் வேரையே நோக்கிப் போனார்கள். அந்நியனின் பலம் அவனுடைய பீரங்கியில் மட்டும் இல்லை, கப்பலிலும் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனிக்கு வாங்கிய காலியா, லாவோ என்ற இரு கப்பல்களும் பிரான்ஸிலிருந்து வந்தவை! இரு தேசங்களின் போட்டியால் நாம் அடிமைப்பட்டோம். அந்தப் போட்டியில் தோற்ற தேசத்திலிருந்தே நம் விடுதலைக்குக் கப்பல் வந்தது. சரித்திரத்துக்கும் சில சமயம் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு போலும்.

அந்த முயற்சியும் அப்போது வெல்லவில்லை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய்ப் போட்டியிட்டார்கள். 1908-ல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் மறைந்ததும் அதே ஆண்டு. ஆனால் இந்தத் தோல்விக்கும் 1801-ன் தோல்விக்கும் ஒரு பேதம் உண்டு. முந்தியதில் சாக்கைக் கண்டு சினந்து எழுந்தவர்கள் அதிகம். காரணத்தை அறிந்து எழுதியவர்கள் சிலர். பிந்தியதில் ஜமீன்தாரும் வக்கீலும் வியாபாரியும் காரணத்தை அறிந்தே இறங்கினார்கள்.

இன்று ஜமீன் இல்லை. 1948-ஆம் வருஷத்துச் சட்டம் ஜமீன்தாரி முறையை ஒழித்தது. பாலவனத்தம் விருதுநகர் மாவட்டத்தில் மற்ற கிராமங்களைப் போல் ஒரு கிராமம். டீக்கடையில் கூட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் புத்தகப் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பைகளில் ஒன்றிலாவது நம் வீட்டுப் பையன் எழுதிய அந்த ஒரு வரி விடை இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியதும் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னோம்: "உன் விடை தப்பில்லை, ஆனால் முழுமை இல்லை. இரண்டு தேசங்கள் கடலுக்கு அப்பால் சண்டையிட்டன. அந்தச் செலவை ஒரு நவாப் தலையில் எழுதினார்கள். நவாப் அதை மழை பெய்யாத கரிசல் காட்டின் தலையில் எழுதினார். நாம் ஒருவரையொருவர் நம்பாதிருந்ததால் எவரும் அந்தக் கணக்கை ஒன்றுகூடித் தட்டிக் கேட்கவில்லை. கேட்டபோது காலம் கடந்துவிட்டது."

பையன் சற்று நேரம் யோசித்தான். "இதையெல்லாம் எழுதினால் உபாத்தியாயர் மார்க் கொடுப்பாரா?" என்று கேட்டான். அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எழுது என்றோம். வானம் பார்த்த பூமிக்கு முன்கூட்டியே கணக்கு எழுத முடியாது என்று சொன்ன அந்தக் கண்மாய்க் கரைப் பெரியவர், கேட்டால் நிச்சயம் முழு மார்க் கொடுத்திருப்பார்.